முழங்காலுக்குக் கீழே ஒரு புடைப்பு: பேரனுக்கும் பாட்டிக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் குடியிருக்கிறோம். கணவர் கைத்தறி நெசவாளர். எங்கள் மகனுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக் கபடி அணியில் இருக்கிறான். கடந்த ஓராண்டில் மளமளவென்று வளர்ந்துவிட்டான். நான்கு மாதங்களாக அவனுக்கு வலது முழங்கால் சில்லுக்குக் கீழே, நேர் முன்பக்கத்தில், நெல்லிக்காயைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்தது போல ஒரு புடைப்பு. தொட்டால் எலும்பு போலவே கெட்டியாக இருக்கிறது. ஆடிவிட்டு வந்தால் வலிக்கிறது என்கிறான். படி இறங்கும்போதும் முட்டி போடும்போதும் முகம் சுளிக்கிறான். காலையில் எழும்போது பெரும்பாலும் வலி இருப்பதில்லை. எலும்பு விலகியிருக்கும், புத்தூர் கட்டுப் போட்டால் அமுங்கிவிடும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். எனக்கோ இது புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கமே வருவதில்லை. இவன் உயரம் இத்தோடு நின்றுவிடுமா? இன்னொன்று. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் நாற்பது வருடம் காப்பிப் பழம் பறித்த என் மாமியாருக்கு இப்போது 66 வயது; இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நடந்தால் இன்னும் தேயும் என்று யாரோ சொன்னதிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்குவதே இல்லை. இருவருக்குமாக வாரம் இரண்டு முறை ஆட்டுக்கால் சூப் வைக்கிறேன். அது போதுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு, நாங்கள் கேட்காமலேயே நீங்கள் பதில் எழுதிவிட்டீர்கள். உயரம் வேகமாகக் கூடும் வயது, ஓடித் தாவும் விளையாட்டு, முழங்கால் சில்லுக்குக் கீழே நேர் முன்பக்கத்தில் கெட்டியான புடைப்பு, ஆடினால் கூடி ஓய்ந்தால் தணியும் வலி ஆகிய நான்கும் ஒன்றாக வரும்போது, அது அநேகமாக ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று அழைக்கப்படும் நிலையாகவே இருக்கும். 1903-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் ஆஸ்குட்டும் சுவிட்சர்லாந்தில் கார்ல் ஷ்லாட்டரும் தனித்தனியே இதை விவரித்ததால் அந்தப் பெயர். பெயர்தான் மிரட்டுகிறதே தவிர, வளரும் பிள்ளைகளின் முழங்கால் வலிக்கு நாங்கள் அடிக்கடி காணும் காரணங்களில் இது ஒன்று. நீங்கள் எழுதியிருப்பதில் புற்றுநோயைச் சுட்டும் அறிகுறி எதுவும் இல்லை. எலும்பு விலகவும் இல்லை. உயரம் இதனால் நிற்காது. கட்டுப் போட வேண்டாம். ஒருமுறை நேரில் காட்டிப் பரிசோதிப்பது மட்டும் அவசியம். அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

உங்கள் மகனின் காலில் நடப்பது புரிய வேண்டுமானால் எலும்பு எங்கே வளர்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் அடிப்பகுதியில் சுற்றுலா வருகிறவர்கள் பெயர் கீறிவிட்டுப் போவதை உங்கள் மாமியார் நிறையப் பார்த்திருப்பார். மரம் எத்தனை அடி உயர்ந்தாலும் இடுப்பளவில் கீறிய பெயர் இடுப்பளவிலேயே நிற்கும். ஏனெனில் மரம் நீள்வது நுனியில், நடுவில் அல்ல. எலும்பும் அப்படித்தான். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், செடிகொடிகளின் வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தவர், ஒரு கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு சிறு துளைகளைக் குத்தி விட்டு, இரண்டு மாதம் கழித்து அந்த எலும்பை எடுத்துப் பார்த்தார். எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு இடையில் அதே அரை அங்குலம்தான் இருந்தது. 1727-ல் அவர் இதை எழுதி வைத்தார். எலும்பு ரப்பர் போல நடுவில் இழுபட்டு நீள்வதில்லை, முனைகளில் புதிதாகச் சேர்ந்தே நீள்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அந்த முனைகளில் இருப்பதுதான் வளர்ச்சித் தட்டு. தொடை எலும்பின் கீழ்முனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும், அதாவது முழங்காலை ஒட்டி மேலும் கீழுமாக, குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று எலும்பின் குறுக்கே படுத்திருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் செல்கள் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல வரிசை வரிசையாக நிற்கும். ஒரு பக்கம் புதிய காசுகள் சேர்ந்துகொண்டே இருக்கும். மறுபக்கத்தில் உள்ளவை ஊதிப் பெருத்து, தங்களைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்தைப் படியவிட்டு, மடிந்துபோகும். அந்தக் காலி அறைகளுக்குள் இரத்த நாளங்கள் நுழையும். அவற்றோடு வரும் எலும்பு கட்டும் செல்கள், கட்டடத்துக்குச் சாரம் கட்டியிருப்பதைப் பிடித்துக்கொண்டு சுவர் எழுப்புவது போல, மிஞ்சியிருக்கும் குருத்தெலும்பின் மீது எலும்பைப் பூசிக்கொண்டே போகும். காலின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முழங்காலைச் சுற்றியுள்ள இந்த இரண்டு தட்டுகளிலிருந்துதான் வருகிறது. எனவே வளரும் பிள்ளைகளுக்கு வலியும் சங்கடமும் பெரும்பாலும் முழங்காலைத் தேடி வருவதில் வியப்பில்லை.

இனி புடைப்புக்கு வருவோம். தொடையின் முன்பக்கத்துப் பெரிய தசை கீழே வந்து முழங்கால் சில்லைத் தன்னுள் பொதிந்துகொண்டு, அதற்குக் கீழே தடித்த நாணாகத் திரண்டு, கீழ்க்கால் எலும்பின் முன்பக்க மேட்டில் இறுகப் பற்றிக்கொள்கிறது. காலை நீட்டுவதும், உதைப்பதும், கபடியில் ஏறுகிறவன் கோட்டைத் தொட்டுவிட்டுத் துள்ளித் திரும்புவதும் இந்த நாணின் இழுப்பினால்தான். பெரியவர்களுக்கு அந்த மேடு முழுக்க எலும்பு. பதின்மூன்று வயதுப் பையனுக்கோ அது இன்னும் பாதி குருத்து; அதற்கென்று தனியாக ஒரு வளர்ச்சித் தட்டும் உண்டு. தொடை எலும்பு வேகமாக நீள, தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விறைப்பாக இருக்கும் அந்த ஓராண்டு ஈராண்டுக் காலத்தில், ஒவ்வொரு தாவலிலும் நாண் அந்தக் குருத்து மேட்டை வெடுக்கென்று இழுக்கிறது. குருத்தின் விளிம்பில் மயிரிழை போன்ற சிறு பிளவுகள் உண்டாகின்றன. உடல் அவற்றைப் புது எலும்பால் நிரப்புகிறது. அடுத்த நாள் மறுபடியும் இழுப்பு, மறுபடியும் நிரப்பு. நீங்கள் தடவிப் பார்த்த நெல்லிக்காய் அந்த நிரப்பின் குவியல்தான்.

உங்கள் வீட்டில் தறி இருப்பதால் நாணைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்வது எளிது. எலும்பு, நாண், மூட்டை மூடியிருக்கும் உறை, தோல் எல்லாவற்றுக்கும் நூல் ஒன்றுதான். கொலாஜன் என்ற புரதம். நெசவுதான் வேறு. நாண் என்பது நீளவாக்கில் போகும் பாவு நூலை மட்டும் ஓடவிட்டு, குறுக்கே போகும் ஊடை நூலே போடாத துணி. எல்லா நூலும் ஒரே திசை. அந்தத் திசையில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும், குறுக்கே இழுத்தால் பிரியும். தோலில் நூல்கள் பல திசையிலும் பின்னிக் கிடப்பதால் எந்தப் பக்கமும் இழுபடும். எலும்பில் அதே நூலின் இடுக்குகளில் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த உப்புப் படிகங்கள் இறுகியிருக்கின்றன. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த உப்புதான். மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: சாப்பிட்டு முடித்த கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி, ஒரு பாட்டிலில் வினிகரை ஊற்றி அதில் போட்டு, ஒரு வாரம் மூடி வைக்கட்டும். உப்பு கரைந்துபோய் நூல் மட்டும் மிஞ்ச, எலும்பு ரப்பர் குழாய் போல வளையும். நாணின் பாவு நூல்கள் எலும்பின் மேல் பசை போட்டு ஒட்டியவை அல்ல, எலும்புக்குள்ளேயே புகுந்து அதன் நூலோடு நூலாகப் புதைந்திருப்பவை என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். அந்தப் பிடிப்பு உறுதியாகும் காலம்தான் அவனுக்கு இப்போது நடக்கிறது.

நாணைப் பற்றி நான் சொல்லும்போதெல்லாம் என்னையே வியக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் காற்றில் கரி-14 என்ற கதிரியக்கக் கரியின் அளவு ஏறி, பின்னர் படிப்படியாக இறங்கியது. அந்தக் கரி உணவின் வழியாக அப்போது வாழ்ந்த எல்லோருடைய உடலிலும் சேர்ந்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் பல வயதினரின் குதிகால் நாணில் அதை அளந்து பார்த்தபோது, நாணின் உட்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவானது எப்படியோ அப்படியே முதுமை வரை நிற்பதைக் கண்டார்கள். எலும்பு ஆயுள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும். நாணின் நடுப்பகுதியோ ஒரே முறை நெய்யப்படுகிறது. ஆகவே வலிக்கிறது என்பதற்காக இந்த வயதுப் பையனை ஆறு மாதம் கட்டிலில் கிடத்துவதை நான் ஆதரிப்பதில்லை. உயரம் வேகமாகக் கூடும் இரண்டு ஆண்டுகளில் மட்டும் பெரியவருக்குரிய எலும்புக் கனிமத்தில் சுமார் கால் பங்கு சேர்கிறது. சிறு வயதிலிருந்தே டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கை எலும்பைவிடத் தடித்திருக்கும். சுமைக்கு ஏற்ப எலும்பு தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மனியின் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதினார். சுமை இல்லாத காலை உடல் மெலிய விட்டுவிடும்.

அதற்காக வலியோடு ஆடட்டும் என்று விடவும் முடியாது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவுகோல் எளிது. தாங்க முடியாத வலிக்குப் பத்து மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், ஆடும்போது இரண்டு மூன்று வரை இருந்து மறுநாள் காலைக்குள் தணிந்துவிடும் வலியோடு ஆடலாம். அதற்கு மேல் போனாலோ, விந்தி விந்தி நடந்தாலோ, மறுநாள் காலையும் வலித்தாலோ அடுத்த இரண்டு மூன்று நாள் ஓட்டமும் தாவலும் வேண்டாம். மிதிவண்டியும் நீச்சலும் இருக்கலாம். கபடியில் முட்டி தரையில் அறைவதுதான் இவனுக்கு மோசம். உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லி, புடைப்பின் மேல் படும்படி மெத்தென்ற முழங்கால் உறை அணியச் செய்யுங்கள். ஆடி வந்தபின் ஈரத் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் பத்து நிமிடம். வாரத்தில் இரண்டு நாளாவது ஆட்டமே இல்லாத நாளாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் கண்டிப்பானவன். போட்டி நெருங்கும் வாரத்தில்தான் இதை எல்லோரும் மறக்கிறார்கள்.

தொடைத் தசையின் விறைப்பைத் தளர்த்தும் பயிற்சிதான் இதற்கு மருந்து. குப்புறப் படுக்கச் சொல்லி, குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மெதுவாக மடக்குங்கள். நல்ல காலில் குதிகால் எளிதில் பிட்டத்தைத் தொடும். புடைப்புள்ள காலில் ஒரு சாண் இடைவெளியிலேயே நின்றுவிடலாம். அந்த இடைவெளியைத்தான் நாம் மாதக் கணக்கில் குறைக்கப் போகிறோம். இழுப்புத் தெரியும் அளவில் அரை நிமிடம் நிறுத்தி, மூன்று முறை, தினமும் இரண்டு வேளை செய்யட்டும். மேட்டில் வலி தெறித்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். தொடையின் பின்பக்கத் தசைக்கும் கெண்டைக்காலுக்கும் இதே போன்ற தளர்த்தல் வேண்டும். அதை இயன்முறை மருத்துவர் ஒருவர் ஒருமுறை காட்டிக் கொடுத்தால் அவனே செய்துகொள்வான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுகளில், அந்தக் குருத்து மேடு முழுவதும் எலும்பாகிக் கீழ்க்கால் எலும்போடு இணையும்போது, வலி தானாக நின்றுவிடும். புடைப்பு மட்டும் சற்று மிஞ்சலாம். அது ஒரு தழும்பு போலத்தான். புடைப்பைக் கரைக்க ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். நாணையே அது நைந்துபோகச் செய்யும்.

கட்டுப் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பரம்பரையாகக் கட்டுக் கட்டுகிறவர்கள் மீது எனக்குப் பகை இல்லை. சில எளிய முறிவுகளை அவர்கள் சரிசெய்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வளரும் பிள்ளையின் மூட்டுப் பக்கத்து எலும்பு அவர்கள் கைக்கு ஏற்ற பொருள் அல்ல. வளர்ச்சித் தட்டில் அடிபட்டிருந்தால் அதை எக்ஸ்ரேயிலேயே நுட்பமாகத்தான் கண்டுபிடிக்க முடியும். தடவிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தட்டின் ஒரு பக்கம் மூடிக்கொண்டு மறுபக்கம் வளர்ந்தால் கால் கோணிப்போகும். தவிரவும், விலகாத எலும்பை அமுக்கி இறுக்கிக் கட்டுவதால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இங்கே அமுக்க வேண்டியது எதுவும் இல்லை.

இனி, நேரில் காட்டச் சொன்னதற்கான காரணம். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், பதினான்கு வயதுப் பையன் ஒருவனை, சற்றுப் பருமனானவன், முழங்கால் வலி என்று அழைத்து வந்தார்கள். முழங்காலைத் தடவினேன், மடக்கினேன், எக்ஸ்ரே எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வளர்ச்சி வலி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து அவன் பாதம் வெளிப்பக்கம் திரும்பிய நிலையில், அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். பழுது முழங்காலில் இல்லை. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை அதன் வளர்ச்சித் தட்டிலிருந்து வழுகியிருந்தது. இடுப்புக்கும் முழங்காலுக்கும் பொதுவாக ஓடும் நரம்பு உண்டு. இடுப்பின் வலியை மூளை முழங்காலின் வலியாக எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு நான் அவனை மல்லாக்கப் படுக்க வைத்து இடுப்பை ஒருமுறை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அதன்பின் முழங்கால் வலி என்று வரும் எந்தப் பிள்ளைக்கும் இடுப்பைத் தொடாமல் நான் சீட்டு எழுதியதில்லை. உங்கள் மகனுக்குப் புடைப்பும் தொட்டால் வலியும் சரியான இடத்தில் இருப்பதால் அந்த ஐயம் மிகக் குறைவு. ஆனாலும் இடுப்பைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

புற்றுநோய் அச்சத்தையும் மழுப்பாமல் பேசிவிடுவோம். வளரும் பருவத்தில் வரும் எலும்புப் புற்றுநோய் அரிது. ஆனால் வரும்போது அதிகம் வருவது முழங்காலை ஒட்டியே. வேகமாக வளரும் இடம் அதுதான் என்பது அதற்கு ஒரு காரணம். அதன் போக்கு வேறு மாதிரி இருக்கும். ஆட்டத்துக்கும் வலிக்கும் தொடர்பு இருக்காது. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும். வாரத்துக்கு வாரம் கூடும். வீக்கம் சில்லுக்குக் கீழே நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகவோ சில்லுக்கு மேலே தொடையிலோ இருக்கும். சில பிள்ளைகளுக்கு எடை குறையும், காய்ச்சல் வரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தக் கூடாது. உங்கள் மகனுக்கு இவை எதுவும் இல்லை என்பதால் ஓர் எக்ஸ்ரேயே போதும், எம்.ஆர்.ஐ. தேவையில்லை. எக்ஸ்ரே அறிக்கையில் அந்த மேடு துண்டு துண்டாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தால் எலும்பு உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். இந்த வயதில் குருத்து எலும்பாக மாறும்போது அப்படித்தான் தெரியும். இந்தப் புடைப்பு உள்ள பிள்ளையை உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை ஒன்றும் உண்டு: தாவும்போது சட்டென்று பளீரென வலித்து, மடக்காமல் காலைத் தரையிலிருந்து தூக்கவே முடியாமல் போவது. அப்போது நாண் அந்த மேட்டையே பெயர்த்து எடுத்திருக்கக்கூடும். உங்களுக்கு அருகிலேயே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் எலும்பியல் பிரிவு இருக்கிறது, அங்கேயே காட்டலாம்.

உயரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். புடைப்பு இருக்கும் தட்டு நாண் பிடிக்கும் மேட்டுக்கு உரியது. நீளத்தைத் தரும் முக்கியத் தட்டு அதற்கு மேலே குறுக்கே இருப்பது. எனவே இழப்பு இல்லை. பையன் எவ்வளவு உயர்வான் என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு, அப்பா அம்மா இருவரின் உயரத்தையும் கூட்டி, அதோடு 13 சென்டிமீட்டர் சேர்த்து, இரண்டால் வகுப்பது. அப்பா 165, அம்மா 152 என்றால் 165 வரும். அதற்கு மேலும் கீழும் எட்டு சென்டிமீட்டர் வரை போகலாம். பெண் பிள்ளைக்கு அதே 13-ஐக் கழிக்க வேண்டும். கம்பியில் தொங்குவதால் எலும்பு நீளாது. காலையில் இருப்பதைவிட மாலையில் எல்லோரும் ஒரு சென்டிமீட்டர் போலக் குட்டையாகத்தான் இருக்கிறோம். முதுகெலும்பு வட்டுகள் நாள் முழுதும் நசுங்கி நீரை இழப்பதுதான் காரணம். தொங்கினால் அந்த ஒரு சென்டிமீட்டர் திரும்பக் கிடைக்கும், இரவுச் சாப்பாட்டுக்குள் மறுபடியும் போய்விடும். உயரம் கூட்டும் பொடி விற்கிறவர்கள் இந்த வயதுப் பையன்களைத்தான் குறிவைக்கிறார்கள், ஏனென்றால் பொடி தின்றாலும் தின்னாவிட்டாலும் இவர்கள் எப்படியும் வளர்வார்கள்.

உங்கள் மாமியாருக்கு வருகிறேன். அவருடைய கதை பேரனுடைய கதையின் மறுபாதி. பேரனுக்கு எலும்பாக மாறிக்கொண்டிருக்கும் அதே குருத்து, மூட்டுக்குள் எலும்பு முனைகளின் மேல் மட்டும் ஆயுள் முழுவதும் குருத்தாகவே நிற்கிறது. கோழிக்கால் எலும்பின் முனையில் வெள்ளையாக, வழவழப்பாக, பல்லில் நறுக்கென்று கடிபடுமே, அதுதான். முழங்காலில் அதன் கனம் சில மில்லிமீட்டர்தான். அதில் இரத்த நாளம் இல்லை, நரம்பும் இல்லை. இரத்தம் போகாத இடத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகும் என்று நீங்கள் கேட்கலாம். எடையில் பெரும்பகுதி நீராலான அந்தக் குருத்து, காலை ஊன்றும்போது நசுங்கி நீரைக் கக்குகிறது. தூக்கும்போது மூட்டுக்குள் இருக்கும் உயவு நீரை உறிஞ்சுகிறது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் பிழிந்து விடுவது போல ஒவ்வோர் அடியிலும் அதற்கு உணவு ஊட்டப்படுகிறது. உயவு நீரும் மூட்டு உறையிலிருந்துதான் ஊறுகிறது. நல்ல முழங்காலில் அது ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. திண்ணையில் உட்கார்ந்தே இருக்கும் பாட்டியின் குருத்துக்கு ஒரு நாளில் எத்தனை வேளை உணவு கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தேய்மானம் என்ற சொல்லே எங்கள் துறைக்கு ஒரு தொல்லை. டயர் தேய்வது போல, செருப்புத் தேய்வது போல, நடக்க நடக்க முழங்கால் தேய்கிறது என்று அது எண்ண வைக்கிறது. டயருக்கு உயிர் இல்லை. மூட்டுவாதத்தில் குருத்து மெலிவது உண்மை. ஆனால் குருத்தில் நரம்பில்லாததால் வலி அங்கிருந்து வருவதில்லை. அடியில் உள்ள எலும்பிலிருந்தும், அழற்சி கண்ட உறையிலிருந்தும், வலுவிழந்த தசையிலிருந்தும் வருகிறது. எக்ஸ்ரேயில் மிக மோசமாகத் தெரியும் மூட்டோடு மலையேறி வருகிறவர்களும் உண்டு; படம் சுத்தமாக இருந்தும் எழ முடியாதவர்களும் உண்டு. மக்கள் பேச்சில் குருத்து, மூட்டுக்கு இடையில் இருக்கும் பிறை வடிவ வட்டு, எலும்பை எலும்போடு கட்டும் நார் ஆகிய மூன்றுக்கும் ஜவ்வு என்ற ஒரே பெயர்தான். ஜவ்வு போய்விட்டது என்று யாராவது சொன்னால் எந்த ஜவ்வு என்று கேளுங்கள்.

அவருடைய முழங்காலைப் பாதித்தது நாற்பது வருடம் நடந்தது மட்டும் அல்ல. சரிவில் குந்தி எழுந்ததும், பழக் கூடையோடு இறங்கியதும்தான் முக்கியக் காரணங்களாக இருக்கும். இறங்கும்போது முழங்கால் தாங்குவது உடல் எடையின் பல மடங்கு. ஆகவே அவருக்கு வேண்டியது, நிறுத்துவது அல்ல, மாற்றுவது. சமதளத்தில் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிட நடை. வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டலாம். திண்ணையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முதல் வாரம் ஐந்து முறை முடிந்தாலே பெரிது. எடை கூடியிருந்தால் குறைக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. கழிப்பறையில் நாற்காலி ஸ்டாண்டு ஒன்று வாங்கி வையுங்கள்; அதற்கு ஆகும் செலவு மாத்திரைச் செலவைவிட நல்ல செலவு. ஊன்றுகோலை வலி கூடுதலாக உள்ள காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பத்துப் பேரில் எட்டுப் பேர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள் என்பது என் அனுபவம். மூட்டு சிவந்து சூடாகி வீங்கினாலோ, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ அது வேறு வாதமாக இருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆட்டுக்கால் சூப்புக்குக் கடைசியில்தான் இடம் கிடைத்தது. அதில் இறங்கியிருக்கும் கொலாஜன் வயிற்றுக்குள் போனதும் பருப்பு, முட்டைப் புரதங்களைப் போலவே சிறு கூறுகளாக உடைந்துவிடும். நேராக முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. எலும்பிலிருந்து சூப்பில் இறங்கும் கால்சியமும் சொற்பம். குடிக்கட்டும், ருசிக்காகவும் மிளகுக்காகவும் நானும் குடிப்பேன். ஆனால் இருவருக்கும் அதைவிட நிச்சயமாகப் பயன்படுவது கேழ்வரகுக் களி. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது; அரிசியில் அது பெயரளவுக்குத்தான். கொலாஜன் நூல் முறுக்கேற வைட்டமின் சி இல்லாமல் முடியாது. அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் போதும். பையன் வெயிலில் ஆடுகிறான், அவனுக்கு வைட்டமின் டி கவலை குறைவு. நிழலிலேயே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அளந்து பார்ப்பது நல்லது. மூட்டுக் குருத்துக்கு நல்லது என்று விற்கப்படும் குளுக்கோசமின் மாத்திரைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கடைக்காரர் கொடுப்பார் என்பதால் சொல்கிறேன்: அமெரிக்காவில் 1,500-க்கும் மேற்பட்ட முழங்கால் நோயாளிகளிடம் செய்து 2006-ல் வெளியான ஆய்வில், மொத்தத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலானதாகத் தெரியவில்லை.

எக்ஸ்ரே எடுக்கப் போகும் நாளில் மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். இரண்டு பேருடைய பயிற்சிகளையும் ஒரே வேளையில் கற்றுக்கொண்டுவிடலாம். அதற்குள் மகனுடைய உயரத்தைத் தறி வீட்டுக் கதவு நிலையில் கரிக்கோட்டால் குறித்து, தேதி போட்டு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலை நேரத்தில், செருப்பில்லாமல், அதே இடத்தில் குறிக்க வேண்டும். கோடுகளின் இடைவெளி குறையத் தொடங்கும்போது வலியும் பின்தொடர்ந்து குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடியும் எழுதுங்கள்: படுத்த நிலையில் அவன் குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் இப்போது எத்தனை விரல் இடைவெளி, பாட்டி கையை ஊன்றாமல் எத்தனை முறை எழுகிறார் என்ற இரண்டு எண்கள் போதும்.